ஜப்பான் வீட்டு மாப்பிள்ளை

போன மாதம் நிந்தவூரிலிருந்து கல்முனைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, பட்டப்பகலில் ஒரு பேய் கத்தியது. முன் சீட்டில் இருந்த இளைஞன் காதில் எதையும் மாட்டாமல் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் கையிலிருந்த மரக்கறிப் பையை நழுவவிட்டு, அஸ்தஃபிருல்லாஹ் என்றார். கண்டக்டர் திரும்பி முறைத்தார். இளைஞன் சத்தத்தைக் குறைத்தானே தவிர, படத்தை நிறுத்தவில்லை. நானும் வயதுக்குப் பொருத்தமில்லாமல் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசல். வாசலில் ஒரு சோடிப் பெண் செருப்பு, முனை உள்பக்கம் பார்த்தபடி. அடுத்த நொடி அந்தச் செருப்பு தானாக நடக்கத் தொடங்கியது. கூடவே தகரத்தில் அடிப்பதுபோல் ஓர் இசை. எனக்கு அந்தப் படத்தைத் தெரியும். அது ஒரு ஜப்பான் படத்தை அமெரிக்கர்கள் திரும்ப எடுத்தது. ஜப்பான் படத்தில் செருப்பு நடக்காது. சும்மா கிடக்கும். எங்களுக்குப் பயம் வந்தது அது சும்மா கிடந்ததால்தான்.

நான் கல்முனைக்குப் போனது மூக்குக்கண்ணாடி எடுக்க. கடைக்காரர் சட்டத்தின் காதுப் பக்கத்தைச் சூடாக்கி வளைத்தபோது எழுந்த பிளாஸ்டிக் வாசம் என்னை நேரே இருபது வருடங்களுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டது. அப்போது இதே பசாரில் ஒரு டிவி திருத்தும் கடையில் நான் வேலை செய்தேன். நாள் முழுக்க இப்படித்தான் மணக்கும், உருகும் ஈயமும் கருகும் வயரும். வீட்டுக்குப் போனால் என் மனைவி சேர்ட்டைக் கழற்றி வெளியே போடச் சொல்வாள். அந்த வாசத்தோடு வீட்டுக்குள் வரவே விடமாட்டாள். அவள் போய் இந்த மாதத்தோடு பதினொரு மாதம். இப்போது நான் எந்த வாசத்தோடும் வீட்டுக்குள் போகலாம், கேட்க ஆளில்லை.

எங்கள் கடைக்கு அடுத்த கடை அன்சாருடையது. சீடி, டிவிடி விற்பான், வாடகைக்கும் கொடுப்பான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், கணக்குப் பாடத்தில் ஏறக்குறைய ஒரே தோல்வி. எங்கள் இரண்டு பேருக்கும் படம் பார்க்கக் கிடைத்த நேரம் வெள்ளிக்கிழமைதான். ஜும்ஆவுக்காகப் பன்னிரண்டு மணிக்கே பசார் முழுக்க ஷட்டரை இறக்கிவிடும். தொழுகை முடிந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஆட்கள் மறுபடி கடை திறக்க மூன்று மணியாகிவிடும். நாங்கள் வீட்டுக்குப் போகாமல் சோற்றுப் பார்சலோடு என் கடைக்குள் புகுந்து, ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். வெளியே அத்தனை வெயில் இருக்கும், றோட்டில் ஒரு சைக்கிள்கூடப் போகாது. பேய்ப்படம் பார்க்க இருட்டு வேண்டும் என்று சொல்பவர்கள் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கல்முனை பசாரில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தப் படம் எங்களிடம் வந்ததே ஒரு தற்செயல். ஜப்பானில் பழைய வாகனம் வாங்கி அனுப்பும் ஒருவர் இடைக்கிடை அங்கே பாவித்த டிவி, டிவிடி பிளேயர் எல்லாம் சேர்த்து அனுப்புவார். ஜப்பான் சாமான் நமது கரண்டில் நேரடியாக ஓடாது, இடையில் ஒரு டிரான்ஸ்ஃபோமர் போட வேண்டும். அதைப் போட்டுச் சரிபார்ப்பது என் வேலை. ஒருநாள் ஒரு பிளேயரின் தட்டுத் திறக்கவில்லை. கழற்றினால் உள்ளே ஒரு டிஸ்க். யாரோ ஒரு ஜப்பான்காரர் எடுக்க மறந்துவிட்டார். மேலே எழுதியிருந்தது அவர்களுடைய எழுத்து, தலைகீழாய்ப் பிடித்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். கீழே ஓடும் வசனவரியும் கிடையாது. ஒரு வார்த்தை விளங்காமல், பெயர்கூடத் தெரியாமல், அன்சாரும் நானும் அதைப் பார்த்தோம். செருப்புப் படம் என்று நாங்களே பெயர் வைத்தோம்.

முதல்முறை பார்த்தபோது எட்டாவது நிமிடமளவில் சத்தம் நின்றுபோனது. நான் பெரிய மெக்கானிக் அல்லவா, உடனே டிவியைத் திருப்பிப் பின்மூடியைக் கழற்றிவிட்டேன். ஸ்பீக்கர் வயரை ஆட்டினேன், ஈயம் வைத்தேன், அன்சாரிடம் போர்ட் அடிபட்டுவிட்டது என்று நிச்சயமாகச் சொன்னேன். அப்போதுதான் படத்துக்குள் ஒரு கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. டிவியில் ஒரு பிழையுமில்லை. அந்த வீட்டில் அவ்வளவு நேரமும் சத்தம் வருவதற்கு எதுவுமே நடக்கவில்லை, அவ்வளவுதான். அன்சார் இதைப் பசார் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

இன்னொரு வெள்ளிக்கிழமை நடந்ததை எண்ணினால் இப்போதும் எனக்கு முதுகு கூசும். பழைய பெட்டி டிவிகளில் படத்தின் ஓரம் கொஞ்சம் சட்டத்துக்குள் மறைந்துவிடும். உள்ளே ஒரு திருகாணியைத் திருகினால் படம் சுருங்கி ஓரமும் தெரியும். மூன்றாம் தடவை பார்க்கும்போது நான் சும்மா அதைத் திருகினேன். படத்தில் வரும் மனிதன் மேசையில் குனிந்திருந்து சாப்பிடுகிறான், ஏற்கெனவே இரண்டு முறை பார்த்த காட்சிதான். இடதுபக்க ஓரத்தில், கதவு நிலையோடு ஒட்டி, ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் அங்கே முதல்நாளிலிருந்தே நின்றிருக்கிறாள், எங்கள் டிவிதான் மறைத்திருக்கிறது. அவளைப் பார் என்று படத்தில் யாரும் சொல்லவில்லை. இசை கிடையாது, கெமரா அவள் பக்கம் திரும்பவுமில்லை. அன்சார் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டான்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாற்பது வயதுள்ள ஒருவன் ஒரு பழைய மரவீட்டில் தனியே இருக்கிறான். வேலைக்குப் போகிறான், வருகிறான். வாசலில் அந்தப் பெண் செருப்புக் கிடக்கும். அவன் அதை வெளிப்பக்கம் திருப்பி வைப்பான். மறுநாள் பார்த்தால் உள்பக்கம் திரும்பியிருக்கும். கொஞ்ச நாளில் அவன் திருப்புவதை விட்டுவிடுகிறான். பிறகு இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றத் தொடங்குகிறான். வெளியே மழை பெய்துகொண்டேயிருக்கும். அவன் ஓடவுமில்லை, கத்தவுமில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை.

மொழி விளங்காததால் மிச்சக் கதையை நாங்களே கட்டினோம். கட்டியது எங்கள் ஊர்க் கணக்கில். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாதென்றால் சொல்கிறேன். இங்கே கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போவான். பெண்ணைப் பெற்றவர்கள் பாடுபட்டு ஒரு வீடு கட்டி மகள் பேருக்கு எழுதிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு போய் இறங்குவான். தலை நரைத்து, பேரப்பிள்ளை கண்டாலும் அந்த வீட்டில் அவன் மாப்பிள்ளைதான். ஆகவே எங்களுக்குப் படம் பட்டென்று விளங்கிவிட்டது. அது அந்தப் பெண்ணின் வீடு, அவன் மாப்பிள்ளை, அவள் மவுத்தாகிவிட்டாள். அவளுடைய வீட்டை விட்டு அவள் எங்கே போவாள்? அவன்தான் அவளிடம் கேட்டுக்கேட்டு அங்கே இருக்க வேண்டும். இதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. உலகம் முழுக்க வீடென்றால் பெண்ணுடையது என்றே நாங்கள் நம்பியிருந்தோம். இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்பது எங்கள் மார்க்கம், அது இரண்டு பேருக்கும் தெரியும். ஜப்பானில் எப்படியோ தெரியாது என்று அன்சார் சமாளித்தான்.

அன்சார் அந்தப் பெண்ணுக்குக் குரல் கொடுப்பான். படத்து மனிதன் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, "இண்டைக்கும் பிந்தித்தானே வாறீங்க, மீன் வாங்கினீங்களா?" என்பான். அசல் அன்சாரின் மனைவி நஜீமா கதைப்பதுபோலவே இருக்கும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

பிறகு கடல் வந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விரிக்கப்போவதில்லை. நஜீமாவின் வீடு கல்முனைக்குடியில், கடற்கரையிலிருந்து நான்காவது ஒழுங்கையில் இருந்தது. முன்னால் இருந்த வீடுகள் அடியோடு போயின. அவள் வீட்டுச் சுவர்கள் நின்றன, அவள்தான் இல்லை. அன்சார் அன்று காலை கடைக்கு வந்திருந்தான். அவளை வேறு ஆட்கள் கண்டெடுத்து, மற்றவர்களோடு சேர்த்து மையவாடியில் அடக்கிய பிறகுதான் அவனுக்குச் சொன்னார்கள். முகம் பார்க்கவில்லை. அடையாளத்துக்கு எடுத்துவைத்த ஒரு வளையலைத்தான் அவன் கையில் கொடுத்தார்கள்.

ஐந்தாறு மாதம் கழித்துக் கடைகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. ஒரு வெள்ளிக்கிழமை அவன் வந்து, செருப்புப் படத்தைப் போடச் சொன்னான். நான் தயங்கினேன், ஆனாலும் போட்டேன். அன்று அவன் குரல் கொடுக்கவில்லை. அடுத்த வெள்ளியும் கேட்டான், அதற்கடுத்த வெள்ளியும் கேட்டான். ஒரு வருடத்துக்குக் கிட்ட ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் அதே படம்தான். நான் அவன் முகத்தைப் பார்ப்பேன், அவன் திரையைப் பார்ப்பான். ஒருநாள் பொறுக்க முடியாமல், இந்தப் பேயை இன்னும் எத்தனை நாளைக்குப் பார்க்கப்போகிறாய் என்று கேட்டுவிட்டேன்.

"நான் பேயப் பாக்கல்ல மச்சான்," என்றான். "இவன் எப்பிடி இரிக்கான் எண்டு பாக்கன்."

அவன் அப்போதும் நஜீமாவின் வீட்டில்தான் இருந்தான். ஈரம் ஏறிய ஓர் அறையைத் துடைத்து, சுண்ணாம்படித்து அதற்குள் இருந்தான். மனைவி போனபின் ஆண் அந்த வீட்டில் தொடர்ந்து இருப்பது எங்கள் ஊரில் ஒரு சங்கடமான காரியம். யாரும் போ என்று சொல்லமாட்டார்கள், சாப்பாடும் வரும். ஆனால் எல்லோரும் அவனுடைய பெட்டியை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா என்று ஒரு துக்கக் காலம் உண்டு, நான்கு மாதமும் பத்து நாளும். முடிந்தால் முடிந்தது. ஆணுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. எப்போது முடிந்தது என்று அவனுக்கு யாரும் வந்து சொல்வதில்லை.

நஜீமாவின் தங்கையை அவனுக்கே முடித்துவைக்கலாம் என்று பேச்சு வந்தது. அப்படி முடிப்பதும் எங்களிடம் உள்ளதுதான். அவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கிடையில் அந்தப் பிள்ளைக்கு வெளியிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. அவர்களுக்கு வீடு வேண்டும். இருந்தது அந்த ஒரு வீடுதான், இரண்டாவது வீட்டுக்கென்று சேர்த்துவைத்ததைக் கடல் கொண்டுபோயிருந்தது. அன்சாரின் மாமி ஒருநாள் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். மருமகனோடு நேருக்கு நேர் நின்று கதைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அதனால் என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் மருமகன வெளியபோகச் சொல்லல்ல, சொல்லவும் மாட்டன். அவர் எண்ட மகளுக்கு நல்லா இருந்தவரு. ஆனா எனக்கு இன்னொரு கொமர் இரிக்கி. நீங்க கதைச்சா கேப்பாரு."

நான் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் எங்களுக்குள் ஒரு சண்டை வந்து, மறுநாள் தீர்ந்திருக்கும். நான் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன்.

அந்த நாட்களில்தான் அந்த ஹொலிவூட் படம் அன்சாரின் கடைக்கே வந்தது, தமிழில் குரல் மாற்றிய டிஸ்க். அவன் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் நான் ஒன்றை எடுத்துப்போய்த் தனியே பார்த்தேன். அதே செருப்பு, அதே மரவீடு, கொஞ்சம் பெரியது. ஆனால் எல்லாமே கத்தியது. கதவு கத்தியது, கண்ணாடி கத்தியது, எங்கே பயப்பட வேண்டும் என்று இசை முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டுப் போனது. ஓரத்தில் முதுகு காட்டி நின்ற அந்தப் பெண் இதில் கூரையில் தொங்கினாள், வாயைப் பிளந்துகொண்டு நேரே நம் முகத்துக்கு வந்தாள். போதாக்குறைக்குச் சென்னைத் தமிழில் மிரட்டினாள். அதுகூடப் பரவாயில்லை. அவர்கள் எல்லாவற்றுக்கும் காரணம் சொன்னார்கள். அவள் அந்த வீட்டில் முன்பு இருந்தவள், யாரோ அவளைக் கொன்றுவிட்டார்கள். இவன் பிறகு வாடகைக்கு வந்தவன். இரண்டு பேருக்கும் ஒரு சொந்தமும் இல்லை. காரணம் தெரிந்ததும் பரிகாரமும் தெரிந்துவிடுகிறது. வீட்டைக் கொளுத்திவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுகிறான். ஜப்பான் படத்தை எடுத்தவர்கள் அவள் அங்கே நிற்பதைப் பரிகாரம் தேட வேண்டிய விஷயமாகவே நினைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த டிஸ்க்கைத்தான் போட்டேன். அன்சாருக்கு என்ன செய்யும் என்று தெரிந்தே போட்டேன். மாமியின் முகத்துக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கும் அலுத்துவிட்டிருந்தது. என் சிநேகிதன் எனக்குப் பழையபடி வேண்டும், சிரிக்க வேண்டும், பசார் முழுக்க என்னைக் கேலி செய்ய வேண்டும். அவ்வளவு சுயநலம்.

முடியும்வரை அவன் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவில்லை. பிறகு கேட்டான்.

"அப்ப அவ இவண்ட பொண்டாட்டி இல்லையா?"

"இல்ல மச்சான். ஆரோ ஒருத்தி."

"அப்ப ஏன் தேத்தண்ணி ஊத்தினான்?"

இதில் ஊற்றவில்லையே என்றேன். ஓம், இதில் ஊற்றவில்லைதான் என்று அவனும் தலையாட்டினான். ஷட்டரை உயர்த்திவிட்டு வெயிலுக்குள் போனான். அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அவன் அந்த டிஸ்க்கைக் கேட்டதில்லை.

இரண்டு மாதத்தில் கட்டாருக்கு விசா எடுத்தான். வீட்டைப் பூட்டித் திறப்பை மாமியின் மகனிடம் கொடுத்தான், கடையை வேறு ஒருவருக்குக் கைமாற்றினான். நான் கதைத்துத்தான் அவன் போனான் என்று ஊரில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். மாமி எனக்கு ஒரு தட்டம் நிறைய வட்டிலப்பம் அனுப்பியிருந்தார். என் மனைவி மட்டும்தான் அதைத் தொடவில்லை. நீங்கள் செய்தது சரியென்று எனக்குப் படவில்லை என்றாள். அன்சார் முதலில் மாதாமாதம் எனக்குப் போன் எடுத்தான், பிறகு பெருநாளைக்குப் பெருநாள் எடுத்தான். அங்கிருந்தபடியே சம்மாந்துறையில் ஒரு கலியாணம் முடித்தான் என்று கேள்விப்பட்டேன். நம்பர் மாறியது, நானும் தேடவில்லை.

பசாரில் இப்போது டிஸ்க் விற்கிற கடை ஒன்றுமில்லை. எங்கள் கடை இருந்த இடத்தில் போன் கவர் தொங்குகிறது. ஜப்பான் பிளேயர் மழையில் ஒழுகிய பெட்டியோடு துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போனது, டிஸ்க் அதற்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். நஜீமாவின் வீட்டை இடித்துத் தங்கையின் கணவர் இரண்டு மாடி கட்டியிருக்கிறார், நல்ல மனிதர். மகளிடம் சொல்லிப் படத்தைத் தேடினேன். அமெரிக்கப் படம் நூறு இடத்தில் இருக்கிறது. அதன் மூலப்படம் இன்னது என்று ஒரு வரியில் பெயரும் இருந்தது. படம்தான் எங்கும் இல்லை.

எதற்காகத் தேடினேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். நானும் இப்போது மனைவியின் வீட்டில் இருக்கிறேன். வீடு மகள் பேரில் இருக்கிறது. மகளும் மருமகனும் தங்கமானவர்கள், ஒரு குறையும் வைப்பதில்லை. போன வாரம் மகள், முன்னறையை வாப்பாவுக்கென்றே ஒதுக்கித் தரவா என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். இருபத்தாறு வருடம் இருந்த வீட்டில் எனக்கு எந்த இடத்தில் நிற்பது என்று தெரியவில்லை. படத்தில் அவன் எப்படி இருந்தான் என்று எனக்கு இப்போது பார்க்க வேண்டும். கடைசியில் இருந்தானா, போனானா என்றே எனக்குத் தெரியாது. மூன்று மணிக்கு முதலாளி வந்துவிடுவார் என்று, கடைசிப் பத்து நிமிடமும் நான் மேசையைத் துடைத்துக்கொண்டும் சாமான் அடுக்கிக்கொண்டும் இருப்பேன். அன்சார்தான் முழுக்கப் பார்த்தவன்.

அவனுடைய தம்பியைப் பிடித்து நம்பர் எடுத்தேன். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவனுக்குப் போன் எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே தூக்கிவிட்டான். பின்னால் பிள்ளைகள் சத்தம், ஏதோ பொரிக்கிற சத்தம். மனைவி மக்களையும் அங்கேயே கூப்பிட்டுக்கொண்டானாம், மூன்று பெண் பிள்ளைகளாம். மூன்று வீடு கட்ட வேண்டும் மச்சான் என்று சிரித்தான், அதே பழைய சிரிப்பு. என் மனைவி மவுத்தானதைச் சொன்னேன். இன்னாலில்லாஹி என்றான். பிறகுதான் கேட்டேன், அந்தச் செருப்புப் படத்தில் கடைசியில் அந்த மனிதன் என்ன செய்தான் என்று.

"எந்தப் படம்?" என்றான். கொஞ்சம் யோசித்தான். "ஆ, ஊட்டக் கொளுத்திட்டுக் காருல ஏறிப் போனானே, அதா?"

தேத்தண்ணி ஊற்றியது, கதவோரம் அவள் நின்றது என்று எடுத்துச் சொல்ல வாய் வந்தது. பின்னால் ஒரு சின்னப் பிள்ளை வாப்பா, வாப்பா என்று அவனை இழுத்துக்கொண்டிருந்தாள். ஓம் மச்சான், அதுதான் என்றேன்.